மாமி குடித்த வியன்னாக் கோப்பி

தேநீரின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. முதலில் கோப்பையின் ஓரத்தில் மெல்லிய கோடாக வந்தது. பிறகு நடுவுக்கு நகர்ந்து சுருங்கி ஒரு மடிப்பு விழுந்தது. நானும் என் தங்கை வசந்தியும் எதிரே இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குடிக்க வேண்டியவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் ரவியின் தாயார். ரவி, வசந்தியைக் கட்ட ஆசைப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அம்மாவை ஊரில் இருந்து விசிட்டர் விசாவில் எடுப்பித்து மூன்று மாதம் இருக்கும். எண்பத்தாறா எண்பத்தேழா என்று சரியாக நினைவில்லை. பனிக்காலம் என்பது மட்டும் நிச்சயம். ரவியின் பெரிய ஓவர்கோட்டைக் கழற்றாமல், அதற்குள் பட்டுச் சேலையோடு, எங்கள் சோபாவின் நுனியில் அவர் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு அவர் எங்கள் எல்லோருக்கும் மாமி ஆகிவிட்டார். ஆகவே இங்கேயும் மாமி என்றே எழுதுகிறேன்.

“குடியுங்க அன்ரி, ஆறப்போகுது” என்றேன்.

“வேண்டாம் பிள்ளை. இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வந்தனான்.”

“ஒரு வடையெண்டாலும்?”

“பல்லுக் கொதி, கடிக்கேலாது.”

“தண்ணி கொண்டு வரட்டா?”

“தாகமில்லை.”

பேச ஒன்றும் இல்லாமல் போகவே, எல்லோரும் கேட்பதை நானும் கேட்டுவைத்தேன். “எப்ப அன்ரி திரும்பிப் போறீங்க?”

“விசா முடிய” என்றார் மாமி. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

ரவி அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் வசந்தி தேநீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். ஆடை ஓட்டையில் சிக்கி நின்றது. விரலால் தள்ளிக்கொண்டே அழுதாள்.

“தண்ணி கூடக் குடிக்கல்லகா, அக்கா.”

‘அம்மா ஓம் எண்டால்தான்’ என்று ரவி முதலே சொல்லியிருந்தான். நல்ல பையன்தான். ஆனால் தாயை எதிர்த்து ஒரு சொல் சொல்ல அவனால் முடியாது. கை நனைக்காத வீட்டில் என்ன சம்பந்தம் பேசுவது? வசந்திக்கு அந்த ஆடை படிந்த கோப்பையோடு எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

பாயோடு ஒட்டுகிற கதை

மாமிக்கு வசந்தியில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் மட்டக்களப்பார் என்பதுதான் குறை.

யாழ்ப்பாணத்தாருக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை, அவர்களே சொல்வார்கள்: மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்களாம். பாலில், தயிரில், தேநீரில் எதையோ கலந்து கொடுத்தால், வந்தவன் இருந்த பாயை விட்டு எழும்பமாட்டானாம். ஊரை மறந்து, பெற்ற தாயை மறந்து அங்கேயே கிடந்துவிடுவானாம்.

எனக்கு இதைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும். கிளாக்கர் வேலைக்கும் வாத்தியார் வேலைக்கும் எங்கள் பக்கம் வந்தவர்களுக்கு எருமைத் தயிர் கிடைத்தது, தேன் கிடைத்தது, வாவி மீன் கிடைத்தது. ‘சாப்பிட்டீங்களா’ என்று முகம் பார்த்துக் கேட்கிற மனிதர்கள் கிடைத்தார்கள். இதில் மருந்து எதற்கு? புத்தியுள்ளவன் தானே ஒட்டிக்கொள்வான்.

ஆனால் மாமிக்கு அது வெறும் கதை இல்லை. அவருடைய மூத்த அண்ணர் வாத்தியாராக மட்டக்களப்புக்குப் போனவர். ஒரு தவணை படிப்பித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அங்கேயே கலியாணம் முடித்தார், வயல் வாங்கினார், திரும்பி வரவில்லை. தாயின் செத்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போனாராம். அண்ணரைத் தின்ற ஊர் இப்போது மகனையும் தின்ன வந்திருக்கிறது என்று மாமி நம்பினார். ரவி இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதியோடு அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

லீசலின் கடை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் தையல் தொழிற்சாலையை விட்டுக் கலைபட்ட கதையை எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலைதான் லீசலின் கோப்பிக் கடை. நகரத்தின் நடுவில், தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார் திரும்புகிற ஒரு மூலையில் இருந்தது. ஸ்ரீட்கார் வளையும்போதெல்லாம் கடைக்குள் கரண்டிகள் கிணுகிணுக்கும்.

லீசலுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. சின்னப் பிள்ளையாக வியன்னாவில் இருந்து தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவள். தகப்பன் தொடங்கிய கடை. சிகரெட்டை வாயில் வைத்தபடியே மா பிசைவாள். கோபம் வந்தால் ஜெர்மனில் ஏசுவாள். நான் தமிழில் ஏசுவேன். இரண்டு பேருக்கும் விளங்காதபடியால் சண்டை நீளாது.

அந்தக் கடையில் எனக்கு முதல் முதல் விழுந்த ஏச்சு பாலுக்குத்தான். கோப்பிக்குப் பால் சுட வை என்றாள். வைத்தேன். பொங்கி வரட்டும் என்று நின்றேன். பொங்காத பாலை யாராவது மனிதருக்குக் கொடுப்பார்களா? பால் நுரைத்து எழும்பி விளிம்பைத் தொட்டபோது லீசல் பாய்ந்து வந்து அடுப்பை நிறுத்தினாள். முழுப் பாலையும் தொட்டிக்குள் கொட்டினாள்.

“பாலைக் கொன்றுவிட்டாய்!” என்றாள்.

“பச்சைப் பாலைக் கொடுக்கச் சொல்லுகிறாயா?” என்றேன்.

அடுத்த ஏச்சு, பாலை ஆற்றியதற்கு. ஆறிப் போகட்டும், நுரையும் வரட்டும் என்று இரண்டு சில்வர் ஜக்குகளை எடுத்து ஒன்றை மேலே தூக்கி, ஒன்றைக் கீழே பிடித்து ஊற்றினேன். எங்கள் வீடுகளில் பச்சைக் குழந்தைக்குக் கூட அப்படித்தான் கொடுப்போம். லீசல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இது கோப்பிக் கடை. சேர்க்கஸ் கூடாரம் இல்லை” என்றாள்.

அன்றோடு அங்கே பால் ஆற்றுவது எனக்குத் தடை.

மெலான்ஜ் போடுவது

அந்தக் கடையின் உயிர் மெலான்ஜ். கலவை என்று அர்த்தமாம். வியன்னாக்காரர் காலையிலும் பின்னேரமும் குடிக்கிற பால் கோப்பி. வேறு பெயர் சொல்லிக் கேட்கிறவர்களை லீசல் ஒரு மாதிரிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மெலான்ஜையே கொண்டு வந்து வைப்பாள்.

வாசகிகள் யாரும் போட்டுப் பார்க்க விரும்பினால் சொல்கிறேன். கோப்பிக் கொட்டை கருக வறுத்ததாக இருக்கக்கூடாது, நடுத்தரமாக வறுத்தது போதும். மெசின் இருந்தால் சின்னக் கோப்பை அளவு கடும் கோப்பி இறக்குங்கள். இல்லாவிட்டால் அடுப்பில் வைக்கிற இத்தாலிப் பானை, அதுவும் இல்லாவிட்டால் துணி வடி. தண்ணீரைக் குறைத்துவிட்டால் சரி. அதற்குள் ஒரு மிடறு சுடுதண்ணீர் விட்டு முரட்டுக் குணத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

பால் கொழுப்பு எடுக்காத பாலாக இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சின்ன முத்து வந்து, ஆவி பறந்து, விரலை வைத்தால் எடுக்கத் தோன்றுகிற சூட்டில் இறக்கிவிட வேண்டும். பொங்க விடக்கூடாது. பொங்கினால் மணம் மாறும், நுரை நிற்காது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வீட்டில் இன்றைக்கும் பொங்கத்தான் விடுகிறேன், அது வேறு கதை.

பாலை நீராவிக் குழாயிலோ கம்பி அடிப்பானிலோ அடித்து நுரை எழுப்புங்கள். அகலக் கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவிச் சூடாக்கி, கோப்பி பாதி, பால் பாதி. மேலே நுரையைக் கரண்டியால் அள்ளி வையுங்கள். கறுவாத் தூள், சொக்கிலேற்றுத் தூள் ஒன்றும் தூவ வேண்டாம். அடித்த கிறீம் வைத்தால் அதற்கு வேறு பெயர், வேறு விலை.

இதோடு முடியவில்லை. ஒரு சின்னத் தட்டத்தில் கோப்பையும், பக்கத்தில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரும், கிளாஸின் வாயில் குப்புறப் படுத்த கரண்டியும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத மெலான்ஜ் லீசலுக்கு அரைகுறை. ஒரு கோப்பி வாங்கினவர் பின்னேரம் வரைக்கும் பேப்பர் வாசிக்கலாம், யன்னலைப் பார்க்கலாம், ஒருவரும் எழுப்பமாட்டார்கள். தண்ணீர் முடிந்தால் கேட்காமலே நிரப்புவாள். ‘இன்னும் இரு’ என்று வாயால் சொல்லாமல் சொல்கிற முறை அது என்றாள்.

மாமியின் கதையைக் கேட்டு லீசல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“நாங்களும் அதைத்தானே செய்கிறோம், கதிரையோடு ஒட்டவைக்கிறோம்” என்றாள். “ஆனால் அதற்குக் காசு வாங்குவதால் ஒருவரும் சூனியம் என்று சொல்வதில்லை. அவரை இங்கே கூட்டி வா.”

அந்தச் சனிக்கிழமை

திட்டம் இதுதான். ரவி தாயையும் வசந்தியையும் டவுன்ரவுன் காட்டக் கூட்டி வருவான். குளிருக்குக் கோப்பி குடிப்போம் என்று உள்ளே கொண்டு வருவான். நான் வேலை செய்வது ஒரு வெள்ளைக்காரர் கடை என்பது மாமிக்குத் தெரியும், எந்தக் கடை என்று தெரியாது. நான் குசினிக்குள் இருந்து வெளியே வரமாட்டேன். லீசல் கோப்பி போட்டுக் கொடுப்பாள். வெள்ளைக்காரி கையால் போட்ட கோப்பியில் மட்டக்களப்பு மருந்து இருக்க வழியில்லை. வசந்தி பக்கத்தில் இருக்க மாமி ஒரு வாய் குடித்துவிட்டால், அடுத்த வாய் எங்கள் வீட்டில் குடிக்கலாம். குறைந்தது முகம் பார்த்துப் பேசவாவது தொடங்கலாம்.

வந்தார்கள். குசினி வாசலில் ஒரு அரைத் திரைச்சீலை தொங்கியது. அதன் இடுக்கால் பார்த்தேன். அதே ஓவர்கோட்டு, காலில் ரவியின் கம்பளிச் சொக்ஸ், அதற்கு மேல் சப்பாத்து. யன்னலோரம் இருத்தினார்கள். வசந்தி முள்ளில் இருப்பது போல இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பனிச்சறுக்கு முடித்த ஒரு கூட்டம் கடைக்குள் திமுதிமுவென்று நுழைந்தது. எல்லோருக்கும் அப்பிள் ஸ்ருடெல் பணியாரம் வேண்டும், எல்லோருக்கும் உடனே வேண்டும். காலையில் இருந்தே கோப்பி மெசினில் நீராவி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, இப்போது அடியோடு நின்றுவிட்டது. கோப்பி சொட்டியது, பாலுக்கு ஆவி இல்லை. கம்பி அடிப்பான் கிறீம் சட்டிக்குள் கிடந்தது.

லீசல் குசினிக்குள் தலையை நீட்டினாள். “யன்னல் மேசைக்கு நீயே போடு.”

“ஐயோ, நீதான் போட வேண்டும். அதுதானே பேச்சு!”

“எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. அப்படியென்றால் அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லு.”

வெளியே மாமியின் குரல் கேட்டது. “ரவி, சனமாக் கிடக்கு. எழும்பு, போவம்.”

“கொஞ்சம் இருங்கோம்மா.”

“எனக்கு உந்தக் கோப்பியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எழும்பு.”

கைப்பை மடிக்கு வந்துவிட்டது. வசந்தி திரைச்சீலைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பாலைச் சுட வைத்தேன். ஓரத்தில் முத்து வந்ததும் இறக்கினேன். சில்வர் ஜக்குகள் இரண்டையும் எடுத்து, கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கி, ஆற்றினேன். ஆற்றினேன், ஆற்றினேன். பதற்றத்தில் கொஞ்சம் என் சப்பாத்திலும் ஊற்றினேன். நுரை குமிழ்விட்டு எழும்பியது. கோப்பியில் பால் விட்டு, நுரையை அள்ளி வைத்தபோது லீசல் வந்தாள். கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சேர்க்கஸ் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாமி கோப்பையை அசையாமல் பார்த்தார். நுரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்து குளிர்ப்பெட்டியோடு ஒட்டி நின்றேன்.

திரும்ப எட்டிப் பார்த்தபோது மாமி முதலில் தண்ணீர்க் கிளாஸை எடுத்தார். கரண்டியைத் தட்டத்தில் வைத்துவிட்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல் மடமடவென்று ஊற்றினார். பக்கத்து மேசைக்காரர்கள் முள்ளுக்கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். மேலுதட்டில் நுரை மீசை. அதைத் துடைக்கவும் இல்லை.

முழுதாகக் குடித்தார். குடித்துவிட்டு வசந்தியைப் பார்த்து, என் காது கேட்க, முதல் தடவையாக அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“உனக்குச் சமைக்கத் தெரியுமே, பிள்ளை?”

“கொஞ்சம் தெரியும், அன்ரி.”

“உவனுக்கு உறைப்புக் கூடாது, வயிறு சரியில்லை” என்றார் மாமி. “இன்னொரு கோப்பி சொல்லு.”

குசினிக்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு ஆற்றிய பாலில் எத்தனை கோப்பி போட்டேனோ தெரியாது. கூட்டம் முழுக்க அதைத்தான் குடித்துவிட்டுப் போனது. ஒருவரும் குறை சொல்லவில்லை, லீசலைத் தவிர.

கடைசிச் சனி

ஆவணியில் கலியாணம் நடந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மணவறைக்குப் பின்னால் கூடைப்பந்து வளையம் தொங்க. எங்கள் வீட்டிலும் மாமி கை நனைத்தார். தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விசா முடிந்ததும் போகவில்லை. இங்கேயே இருக்க ரவி பேப்பர்கள் போட்டான், மாமி நின்றுவிட்டார். பிறகு நகரத்தின் விளிம்பில், மில்லிக்கனில் வீடு வாங்கிக்கொண்டு எல்லோரும் அங்கே போனார்கள்.

சனிக்கிழமைகளில் மட்டும் மாமிக்குக் கடைக்கு வரவேண்டும். நான் அங்கே வேலை செய்வதை ‘தற்செயலாக’ அறிந்துகொண்டவர் போல ஒரு நாள் நடித்தார், நானும் நடித்தேன். அதே யன்னலோரம். அதே மெலான்ஜ். மெசின் திருத்தியாகிவிட்டது, அதனால் லீசல்தான் போடுவாள். கிளாஸ் காலியாக லீசல் வந்து நிரப்பினால் மாமி என்னிடம் சொல்வார்: “கேளாமல் தண்ணி குடுக்கிறாள் பார். நல்ல வளர்ப்பு.” இரண்டு பேருக்கும் ஒரு பொதுப் பாஷை கிடையாது. வசந்தியின் மகள் பிறந்தபோது லீசல் பின்னிக் கொடுத்த தொப்பியை மாமி கோடையிலும் பிள்ளைக்குப் போட்டுவிட்டார்.

எண்பதுகளின் முடிவில் அந்தக் கட்டிடம் கைமாறியது. கடையை மூட வேண்டி வந்தது. லீசல் மேற்கே தமையனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். கடைசிச் சனிக்கிழமை போனால் கதிரைகள் பாதி இல்லை. மெசினையும் முதல் நாளே யாரோ வந்து தூக்கிப் போய்விட்டார்கள், அது நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். இத்தாலிப் பானை ஒன்று மட்டும் மிச்சம்.

மாமி, வசந்தி, பிள்ளை மூன்று பேரும் வந்தார்கள். லீசல் சிகரெட்டை அணைத்தாள். அலுமாரிக்கு அடியில் இருந்து இரண்டு சில்வர் ஜக்குகளையும் எடுத்து என் கையில் தந்தாள்.

“உன் சேர்க்கஸைக் காட்டு” என்றாள். “இனி யாருடைய கடை இது!”

குசினிக்குள் போகாமல் எல்லோருக்கும் முன்னால் நின்று ஆற்றினேன். பிள்ளை கைதட்டியது. லீசல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நான் கோப்பையைத் தட்டத்தில் வைத்து, தண்ணீரும் கரண்டியும் வைத்து, மாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

மாமி நுரையைப் பார்த்தார்.

“அண்டைக்கும் நீதானே ஆத்தினனீ?” என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எண்டைக்கு, மாமி?”

“முதல் நாள். நீ உந்தச் சீலைக்குப் பின்னாலை நிண்டனீ.”

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் மாமியைப் பார்த்தேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சத்தம் கேட்டது. உவ்வளவு சனத்துக்குள்ளையும் கேட்டது. வெள்ளைக்காரியள் ஆர் பால் ஆத்துறவை? வந்து மூண்டு மாசமா எனக்கு ஒருத்தரும் ஒண்டும் ஆத்தித் தரேல்லை. ரவி விடிய ஒரு பையைச் சுடுதண்ணிக்குள்ளை தொங்கவிட்டிட்டு வேலைக்குப் போயிடுவான்.”

“தெரிஞ்சும் குடிச்சீங்களா? மருந்து எண்டு பயப்படல்லியா?”

“பயந்துதான் குடிச்சன்” என்றார் மாமி. கோப்பையின் காதை விரலால் தடவினார். “ஒட்டினால் ஒட்டட்டும் எண்டு குடிச்சன். இந்த ஊருக்கு வந்த நாள் துவக்கம் காணுற எல்லாரும் என்னட்டைக் கேட்டது ஒண்டுதான், எப்ப திரும்பிப் போறியள் எண்டு. நீயும் கேட்டனீ. பிறகு பாத்தா, ஒருத்தி ஒளிச்சு நிண்டு பால் ஆத்துறாள், என்னை மறிச்சு வைக்க. குடிக்காமல் வேறை என்ன செய்யிறது?”

மாமி இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கிக் குடித்தார்.

லீசலுக்குத் தமிழ் தெரியாது. மாமியின் கிளாஸில் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு, வழக்கம் போலக் கேட்காமலே நிரப்பிவிட்டுப் போனாள்.